முப்பத்தொன்றாவது வரி

முப்பத்தொரு பெயர்களை எரிக்க ஒரு சமோவர் தண்ணீர் கொதிக்கும் நேரம்தான் ஆனது. ராபியா பொறுமையாகத்தான் எரித்தாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பாள், நாலாக மடிப்பாள், சமோவர் குழாய்க்குள் போடுவாள், சுள்ளியோடு சேர்ந்து அது பற்றிக்கொள்வதைப் பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த தாள்.

பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அன்ஸிரத் பார்த்துக்கொண்டிருந்தாள். சமோவர் அவளுடையது.

"எதுக்கு எரிக்கிற?"

"இது வேற யார் கையிலயாவது சிக்கினா உங்க ஆளுங்களுக்குத்தான் ஆபத்துக்கா. பேரு, வீடு, போன் நம்பர் எல்லாம் இதுலதான் இருக்கு."

"அப்ப அவங்க சொன்னதெல்லாம்?"

"அது கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. பேருக்குப் பதிலா நம்பர் போட்டிருக்கோம். ஒண்ணு, ரெண்டுன்னு."

அன்ஸிரத் கொஞ்சம் யோசித்தாள். "ஜெயில்லயும் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்," என்றாள். பிறகு டீயை ஊற்றினாள். முப்பத்தொரு பேரின் பெயர் எரிந்த நெருப்பில் கொதித்த டீயை இருவரும் குடித்தார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்தவர்களுக்கு வருமே ஒரு நிறைவு, அது அன்று ராபியாவுக்கு வந்தது. பாவம், ஒரே ஒரு நாள்தான் அது நீடித்தது.

அந்தக் கோடையில் பதினோரு நாடுகளிலிருந்து இருபத்துநாலு கல்லூரி மாணவர்கள் ஃபெல்லோஷிப்புக்கு வந்திருந்தார்கள். மனித உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு என்று ஆறு வாரம். முதல் வாரம் தலைநகர் பிஷ்கெக்கில் ஏசி அறையில் பாடம், மீதி ஐந்து வாரம் ஆளுக்கொரு ஊரில் வேலை. ராபியா உள்நாட்டுக்காரி. கரகோல் பக்கத்தில் டுங்கான் என்ற சிறுபான்மை இனத்தார் கிராமம், வீட்டில் பூண்டு விவசாயம். சிறுபான்மையைப் பற்றிப் படிக்க பிஷ்கெக் வரைக்கும் எதற்குப் போகணும், கண்ணாடியைப் பார்த்தால் போதாதா என்று அவள் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவரே வேனில் ஏற்றியும் விட்டார்.

முதல் வாரப் பாடத்தில் அவளுக்கு நெட்டுருவானது ஒரே விதி. ஒருவர் பெயரைக் காப்பது அவரையே காப்பது. வாக்குமூலத்தில் பெயர் இருக்கக் கூடாது, எண்தான் இருக்க வேண்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் தனியாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிட வேண்டும். இருபத்துநாலு பேரும் தலையாட்டினார்கள். ராபியா மட்டும் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள். அவள் அப்படிப்பட்ட பெண். பள்ளியில் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் சுவரையும் சேர்த்துத் துடைப்பாள்.

அவளையும் ஜார்ஜியாவிலிருந்து வந்த லெவான் என்ற பையனையும் ஓஷ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நுர்ஸாதா என்ற வக்கீலிடம் வேலை. ஊரின் ஓரத்தில் தால்-அரிக், முகாத் மக்கள் குடியிருப்பு. ஊரார் அவர்களை லூலி என்பார்கள். அதை அவர்கள் சொல்லும் தொனியை ஒருமுறை கேட்டால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். முதல் நாள் கொண்டுவந்து விட்ட டிரைவர் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பினான். உள்ளே போய் டீ குடித்துவிடாதே என்று ராபியாவுக்குப் புத்தியும் சொன்னான். அவள் அன்று மூன்று கோப்பை குடித்தாள், கொஞ்சம் அவன் மேலிருந்த கோபத்தில்.

தால்-அரிக்கில் பாதிப் பேருக்குப் பிறந்ததற்கும் சீட்டு கிடையாது, இருப்பதற்கும் சீட்டு கிடையாது. அம்மாவுக்கு இல்லாததால் பிள்ளைக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லாததால் பேரனுக்கு இல்லை. இதைத் தீர்க்க வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் ஆவணக் குழு உட்காரும். இன்னார், இன்னார் பிள்ளை, இந்த இடத்தில் இந்தக் காலத்தில் பிறந்தார், பாஸ்போர்ட் உள்ள இன்னார் அதைப் பார்த்தார் என்று எழுதிக் கொடுத்தால் பட்டியலில் சேர்ப்பார்கள். பிறகு ஆளையும் சாட்சியையும் கூப்பிட்டு விசாரித்துச் சான்றிதழ் தருவார்கள். நுர்ஸாதா நடையாய் நடந்து இந்த வருஷம் முப்பத்தொரு இடம் வாங்கியிருந்தாள். முப்பத்திரண்டாவது வரிக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.

வீடு வீடாகக் கூட்டிப் போனவள் அன்ஸிரத். முப்பத்தைந்தா நாற்பதா என்று சொல்ல முடியாத முகம், கை விரல்களில் எப்போதும் கரி. பெரிய பஜாரில் கடை கடையாகப் புகை போடுவது அவள் பிழைப்பு. நீளக் கைப்பிடி வைத்த தகரக் கரண்டியில் அடிரஷ்மான் பச்சிலையைப் புகையவிட்டுக்கொண்டு, கடைக்காரர் வீட்டு ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்துவாள். வாக்குமூலம் எடுக்கும்போது மூலையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வெயிலில் அலைகிறவள், தூங்கட்டும் என்று ராபியா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

பெயர்களை எரித்த மறுநாள் பகல் ஒரு மணிக்கு நுர்ஸாதா அலுவலகத்தில் அச்சு இயந்திரத்திலிருந்து வாக்குமூலங்கள் சூடாக வந்து விழுந்தன. குழு அன்று ஐந்து மணி வரைதான். நுர்ஸாதா தாள்களை அடுக்கிக்கொண்டே கையை நீட்டினாள்.

"பேரு லிஸ்ட்?"

"அழிச்சிட்டேன்கா."

"உன் காப்பியை அழிச்சிருப்ப. எனக்கு எடுத்து வெச்சதைக் குடு."

ராபியா அப்படி எதையும் எடுத்து வைக்கவில்லை. பட்டியலை லெவான் முன்பே வக்கீலிடம் கொடுத்துவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் கொடுத்துவிட்டாள் என்று லெவான் நினைத்திருந்தான். அவனுக்குப் போன் போட்டார்கள். ஐந்து வாரமாக எந்த விதியையும் மதிக்காத பையன், அறையில் ஈரத் துண்டை எடுத்துக் காயப்போடக்கூடத் தெரியாதவன், இந்த ஒரு விதியை மட்டும் அக்கறையாகக் கடைப்பிடித்திருந்தான். கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான்.

நுர்ஸாதா திட்டவில்லை. திட்டியிருந்தால் ராபியாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மேலே கிடந்த தாளைச் சத்தமாகப் படித்தாள். "பதினேழு. பெண். தகப்பன் பெயர், எண் பதினேழு அ." பிறகு ராபியாவைப் பார்த்துக் கேட்டாள். "பேரே இல்லாதவங்களுக்குப் பேரு வாங்கித் தரத்தானேம்மா போனோம்?"

போன் நம்பர்களும் நோட்டோடு எரிந்திருந்தன. ராபியா நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள், ஆறு பெயர் வந்தது, அதில் இரண்டு சந்தேகம். தால்-அரிக்குக்கு ஓடலாம் என்றால் அது செங்கல் சூளையும் முலாம்பழ அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலம், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நுர்ஸாதா வாய்வரை வந்துவிட்டது. ஒரு வருஷம் என்றால் எட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லை, மூன்று பேருக்கு ஆபரேஷன் இல்லை. அத்தனையும் ராபியா கிழித்து மடித்துப் போட்ட தாள்கள்.

ராபியா பஜாருக்கு ஓடினாள். வீட்டை அடையாளம் சொல்லவாவது அன்ஸிரத் உதவுவாள் என்ற ஒரே நினைப்புதான். கத்திக் கடைகளுக்கு நடுவே புகையைப் பார்த்து ஆளைப் பிடித்தாள். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். அன்ஸிரத் எந்தக் கடைக்காரருக்கும் வாழ்த்தைப் பாதியில் நிறுத்துவதில்லை. முன்னால் இருந்த கடைக்காரரின் மாஸ்கோ மகன் வரை சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"முப்பத்தொண்ணுதானே," என்றாள். "வா, போலாம். மூக்கைத் துடை."

குழு அலுவலக வாசலில் காவலாளி மறித்தான். லூலிக்கு உள்ளே என்ன வேலை என்றான். அன்ஸிரத் கரண்டியை அவன் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் பெண் குழந்தை பேரைச் சொன்னாள், அதன் பல்வலி தீரட்டும் என்றாள். பஜாரில் கோழி விற்கும் அவன் மாமியார் பேரையும் சொன்னாள். அவன் வாயைத் திறந்தபடி நின்றான், இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

குழுத் தலைவர் டோலோகன் சுத்தத்துக்குப் பேர்போனவர். தாளில் ஒரு பொட்டு மை சிந்தியிருந்தாலும் மனுவைத் திருப்பி வீசுவார். ஓஷ் வக்கீல்கள் அவரிடம் வரும் நாளில் பேனாவையே மாற்றிக்கொண்டு வருவார்கள். வாக்குமூலங்களோடு முன்பே வந்து காத்திருந்த நுர்ஸாதா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்ஸிரத்தைப் பார்த்தார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படிச் சொல்லுவ?"

"அவங்க சொன்னப்ப நானும் இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. சரி, பார்ப்போம் என்பதுபோல் முதல் தாளை எடுத்தார். படிக்க ஆரம்பிக்கும் முன்பே அன்ஸிரத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாலத்துப் பக்கத்துல நீலக் கதவு. ஜுமபாய். அப்பா தோஷ்டெமிர், தாத்தா சஃபர். கூட்டுப்பண்ணையைப் பிரிச்சாங்களே, அந்த வருஷம், பருத்தி எடுத்து முடிஞ்ச மூணாவது வெள்ளிக்கிழமை, டிராக்டர் வண்டியில பொறந்தான். பாத்தது அத்தை ஒய்திலா. அவங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கு, கோதுமை டப்பாக்குள்ள."

டோலோகன் தாளைப் பார்த்தார். கோதுமை டப்பா கூட அதில் இருந்தது. குமாஸ்தாப் பெண் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

அன்ஸிரத் தெருவில் நடப்பது மாதிரியே சொல்லிக்கொண்டு போனாள். நீலக் கதவு, அடுத்து கதவில்லாத வீடு, அடுத்து மல்பெரி மரம். பெயர், தகப்பன், தாத்தா, பிறந்த நேரத்து வெயில் அல்லது பனி, தொப்புள்கொடி அறுத்த கை. டோலோகனுக்குச் சந்தேகம் போகவில்லை. தாள்கட்டை நடுவில் பிரித்து ஒரு தாளை உருவினார், பாதியிலிருந்து படித்தார். "குளிர் அதிகம், அதனால் அம்மா என்னை..."

"மாவுச் சல்லடையில போட்டு அடுப்போரம் வெச்சா," என்றாள் அன்ஸிரத். "சஃபர்மோ. அப்ப இந்தப் பொண்ணு கேட்டா, 'அது உங்களுக்கு எப்படிப்பட்ட உணர்வைத் தந்தது?'ன்னு. சஃபர்மோ சொன்னா, 'சூடா இருந்திருக்கும்'னு."

குமாஸ்தாப் பெண் சிரிப்பை அடக்கக் குனிந்தாள். ராபியாவின் குரலையும் அந்தப் புத்தகத்தனமான இழுப்பையும் அன்ஸிரத் அச்சாகக் கொண்டுவந்திருந்தாள். டோலோகன் தாளில் விரல் வைத்துத் தேடினார். 'சூடாக இருந்திருக்கும்' என்று கடைசி வரியில் இருந்தது. அவர் இன்னொன்றை உருவினார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அவர் நிறுத்திய இடத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். ஒருத்தர் இருமியது, ஒருத்தர் சொல்ல மாட்டாமல் அழுதது, வாசலில் ஆடு கத்தியது எல்லாம் அந்தந்த இடத்தில் வந்தது. ஒரு கட்டத்தில் டோலோகன் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம். மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவள் என்று ராபியா குரலைத் தாழ்த்திக்கொண்ட ஐந்து வாரமும் அந்தப் பெண் ஒரு தெருவையே தனக்குள் வாங்கி வைத்திருக்கிறாள். எரித்தால் எரியாத இடத்தில். ராபியா சிறு வயதில் ஒருமுறை மலைக்கணவாயில் மேகம் விலகி உச்சி முழுசாகத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு இப்படி வாயடைத்து நின்றது இன்றுதான்.

பதினாலாம் தாளில் அன்ஸிரத் நின்றாள்.

"தெரியலையா?" என்றார் டோலோகன்.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அவ வேண்டாம்னா. இந்தப் பொண்ணு நோட்டை மூடிட்டு வெளிய போனப்புறம் என் கையப் புடிச்சுச் சொன்னா. என் பேரு எங்கயும் போக வேண்டாம்னு."

"எதுக்காம்?"

"அதையும் சொல்ல வேண்டாம்னா."

ஏசி அறையில் ஒரு வாரம் நடத்திய பாடம் அதுதான். பெயரைக் காப்பது. ஆனால் முப்பத்தொரு பேரில் யாருக்கு அது வேண்டும் என்று ராபியா கேட்கவே இல்லை. எல்லாருக்கும் ஒரே பூட்டாகப் போட்டுவிட்டாள். அன்ஸிரத்திடம் அந்தப் பெண் தானாக வந்து சொல்லியிருக்கிறாள். ராபியாவுக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தையும் தாண்டி அன்ஸிரத் மேல் பெரிய மரியாதை பொங்கியது. டோலோகன் பதினாலாம் தாளை மடித்து நுர்ஸாதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலரை மணிக்கு முப்பது பெயர்களும் ஏறிவிட்டன. குமாஸ்தாப் பெண் தட்டச்சான தாளை உருவி வைத்தாள். கடைசி வரி காலியாக இருந்தது. அதை அடித்துவிட வேண்டியதுதான் என்று டோலோகன் அடிக்கோலை எடுத்தார். வருகைப் பதிவேட்டில் உன் பாஸ்போர்ட் நம்பர் எழுதணும், எடு என்று அன்ஸிரத்திடம் போகிற போக்கில் கேட்டார்.

"என்கிட்ட ஏது?" என்றாள் அவள்.

நுர்ஸாதா அவளையே பார்த்தாள். ஊருக்கெல்லாம் முன்னால் நிற்கிறவள், அரசு ஆபீஸ் வாசலுக்கும் அஞ்சாதவள், அவளிடம் இல்லாமலா இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் ராபியாவும் நினைத்தாள்.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. கதவு தட்டி விடுறவளை யாரு கேப்பா?" அன்ஸிரத் கரண்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "மொத்தமே முப்பத்தொரு இடம்தான்னு வக்கீலம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க. ஊரைக் கூட்டிட்டுப் போறவ நானு. என் பேரை நானே சொன்னா நல்லாவா இருக்கும்?"

டோலோகன் அடிக்கோலைக் கீழே வைத்தார். ஒரு வரி காலியாக இருக்கிறது, நேரமும் இருக்கிறது, சொல்லு, எங்கே பிறந்தாய், யார் பார்த்தது என்றார்.

அன்ஸிரத் இல்லை என்று தலையாட்டினாள். முப்பது பேருக்கு வெயிலும் பனியும் சொன்னவளுக்குத் தன்னுடையது தெரியவில்லை. அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள், அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றாள். பரவாயில்லை, அடித்துவிடுங்கள் என்று அவளே சொன்னாள். வாழ்க்கையில் நிறைய முறை சொல்லிப் பழகிய வார்த்தை போல அது வந்தது.

ராபியா எழுந்து நின்றாள். ஒன்பதாம் வீடு அவளுக்கு நினைவு வந்தது. அந்த வீட்டு நோர்பிபிக்குச் சாட்சி சொல்ல, பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்த ஹைத்குல். பல வருஷம் உஸ்கென் பக்கம் இருந்துவிட்டு இந்த வசந்தத்தில்தான் திரும்பியிருந்தாள். அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒன்றை ராபியா எழுதியிருந்தாள், பிறகு கம்ப்யூட்டரில் பெயரை எடுத்துவிட்டு 'அண்டை வீட்டுப் பெண்' என்று மாற்றியவளும் அவள்தான். தாளைத் தேடவில்லை. அன்ஸிரத் செய்தது மாதிரியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஹைத்குல் சொன்னாங்க. முலாம்பழத் தோட்டத்துல காவலுக்கு இருந்தோம். ஆத்து வெள்ளம் பாலத்தை அடிச்சிட்டுப் போன வருஷம். முதல் பழம் அறுத்த அன்னிக்கு நோர்பாய் பொண்டாட்டிக்கு வலி வந்துச்சு. நான்தான் கொடி அறுத்தேன், பழம் அறுத்த கத்தியாலயே. பொண்ணு. வாயில முதல்ல வெச்சது அந்தப் பழச்சாறுதான்." ராபியாவுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. "அதுக்கப்புறம் சிரிச்சாங்க. 'இப்ப தண்ணி புடிக்க வெளிய போனாளே, அன்ஸிரத், அவதான்'னாங்க."

கண்ணைத் திறந்தபோது அன்ஸிரத் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஜாரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் பிறப்பை வாழ்த்திய முகம், தன்னுடையதை இப்போதுதான் முதல்முறை கேட்டது. "முலாம்பழமா," என்றாள் மெதுவாக.

டோலோகன் பேனாவைத் திறந்தார். தட்டச்சுக்குக் காத்திருக்கவில்லை, தன் கையாலேயே எழுதினார். "உங்க அப்பா நோர்பாய். தாத்தா பேரு சொல்லுங்க," என்றார். அவள் சொன்னாள். அவர் எழுதி முடித்துத் தாளை மேஜையில் திருப்பி வைத்தார், மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

அன்ஸிரத் ராபியாவின் காதருகே குனிந்தாள். "இதுல எது நானு?"

ராபியா கடைசி வரியைக் காட்டினாள். அன்ஸிரத் அதன் மேல் விரலை வைத்தாள், மெல்லத் தடவிப் பார்த்தாள். விரலை எடுத்தபோது பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி ஒட்டியிருந்தது. நுர்ஸாதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டோலோகன் அந்தக் கறையைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து, அது கலைந்துவிடாதபடி கொஞ்சம் தள்ளிக் குத்தினார்.